காடைக்குப் பத்து

தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. தன் கலியாணத்துக்கு அந்த முறையில் சபரிநாதன் ஒரு குறையும் வைக்கவில்லை. நாமக்கல்லிலிருந்து விடிந்ததும் கிளம்பி, மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு வந்து, தேங்காய் பழம் வெற்றிலையோடு பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினான். மாமன் சின்னண்ணன் காலில் விழுந்து எழுந்தான். கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தான். கிளம்பும்போதுதான் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மாமா, இது நம்ம அச்சாபீசுல அடிச்சதுங்க. கலியாணத்துக்கு வர்ற சனத்துக்கெல்லாம் தாம்பூலப் பையில ஆளுக்கு ஒண்ணு போடறோம். சும்மா பாருங்க."

சின்னண்ணன் பார்த்தார். சீட்டுக்கட்டு போல இருந்தது. அவர் வாழ்நாளில் சீட்டைக் கையால் தொட்டவரல்ல. சொந்த மகனாக இருந்தால் அப்போதே நாலு வார்த்தை கேட்டிருப்பார். தங்கச்சி மகன், அதுவும் பத்திரிகை வைக்க வந்தவன். பேசாமல் இருந்துவிட்டார்.

கார் போன பிறகு மருமகள் மோகனப்பிரியா பொட்டலத்தைப் பிரித்தாள்.

"மாமா, இது காசு வெச்சு ஆடற சீட்டு இல்லீங்க. மாயப் பிராணிச் சீட்டு. இப்பெல்லாம் பெரியவங்களே இதைத் தேடித் தேடி வாங்கிச் சேத்து வெக்கறாங்க. படம் போட்டு, கீழ அதுக்கு எத்தனை பலம், என்ன தனித்திறன், என்ன பலவீனம்னு எழுதியிருக்கும். ரெண்டு பேர் ஆளுக்கொரு சீட்டு எறக்கோணும். பலம் அதிகமா இருக்கறவன் எடுத்துக்குவான்."

"அதுல என்ன வேடிக்கை?"

"நம்ம சபரி வெளிநாட்டுப் பூதம், பிசாசெல்லாம் போடாம நம்ம சீமையில இருக்கறதையே மாயப் பிராணியா மாத்தியிருக்கறானுங்க. இதப் பாருங்க, மேச்சேரி ஆடு. 'இடிமுட்டிக் கடா.' கொம்புல மின்னல் அடிக்குது. பலம் எண்பத்தெட்டு."

சின்னண்ணனுக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. மேச்சேரிக் கடாவுக்கு எண்பத்தெட்டு கொடுப்பதில் தப்பில்லை என்று தோன்றியது. அடுத்தது ஆந்தை. நெற்றியில் மூன்றாவது கண்ணும், சிறகு விரித்தால் தீயுமாக இருந்தது. பெயர் 'முக்கண் ஆந்தை'. பலம் தொண்ணூற்றைந்து.

"ஆகட்டும், ஆகட்டும்," என்றார். தங்கச்சி சௌந்திரத்தைக் கொடுத்திருப்பது ஆந்தையைக் குலக்குறியாக வைத்திருக்கும் ஆந்தைக் கூட்டத்தில். பையன் அப்பன் கூட்டத்தை உயர்த்தி வைத்திருக்கிறான், முறைதானே. "கூட்டத்துக் குருவியெல்லாம் போட்டிருக்கறானா? அப்ப நம்மளுது?"

மோகனப்பிரியா சீட்டுகளைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு சீட்டில் நின்றாள். சிரிப்பு வந்து, அதை முழுங்கினாள்.

"ஏம்மிணி, நம்மளுது இல்லையா?"

"இருக்குதுங்க."

"படி."

"கண்ணாடி எடுத்தாரட்டுங்களா, நீங்களே..."

"படின்னா படி."

அவள் படித்தாள். "புதர்க்காடை. பலம் பத்து. தனித்திறன், ஓடி ஒளிந்துகொள்ளும். பலவீனம், சத்தம் கேட்டால் ஆகாது."

சின்னண்ணன் கையை நீட்டினார். சீட்டை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். ஒரு முட்செடிக்குக் கீழே, பழுப்பு நிறத்தில், உருண்டையாக, பயந்த கண்ணோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. தலையில் ஒரு கொண்டைகூட இல்லை.

"மிச்சம் இருக்கறதுல இதுக்குக் கீழ ஏதாச்சும் உண்டா?"

மோகனப்பிரியா எல்லாவற்றையும் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "சந்தைக் கழுதைன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு முப்பது."

"கழுதைக்கு முப்பது," என்றார் சின்னண்ணன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாதபோதுதான் அவரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "வண்டியை எடு."

காடைக் கூட்டம் என்றால் சும்மா ஒரு பெயரல்ல. அந்தக் கூட்டத்து வீட்டில் காடைக்கறி அடுப்பேறாது. ஏர் ஓட்டும்போது காடை முட்டையிட்ட இடம் கண்ணில் பட்டால் ஏரைத் தூக்கிப் பிடித்து, ஒரு பாய் அகலம் தரிசாக விட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் உழுவார்கள். டிராக்டர் வந்த பிறகும் அப்படித்தான். சின்னண்ணனின் மகன் சிவக்குமார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு வடக்கே பல மாநிலம் சுற்றுகிறான். எல்லா வண்டியின் கதவிலும் ஒரு காடை பறந்துகொண்டிருக்கும். சேலத்துப் பெயிண்டரை உட்கார வைத்து, சிறகு இன்னும் விரியட்டும், கழுத்து இன்னும் நிமிரட்டும் என்று பக்கத்தில் நின்று வரைய வைத்தவர் சின்னண்ணன். அந்தக் காடைக்குத்தான் பத்து.

வண்டியை மோகனப்பிரியா ஓட்டினாள். ராசிபுரம் ரோடு ஏறும்வரை பொறுத்துப் பார்த்தாள்.

"மாமா, ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமுங்களே? கலியாண ஊடு. ஆயிரம் வேலை இருக்கும்."

"போன்ல கேக்கற விசயமா இது?"

"தப்பா அச்சாயிருக்கும். நூறுன்னு போடறதுல ஒரு சைபர் விட்டுப் போயிருக்கும்."

"ஓடி ஒளிந்துகொள்ளும்னு எழுதியிருக்குதே. அதுலயும் சைபரு விட்டுப் போச்சா?"

அவள் அதன்பிறகு ரோட்டைப் பார்த்தாள். வழியில் ஒரு ஓட்டலில் 'காடை வறுவல் ரெடி' என்று பலகை வைத்திருந்தான். சின்னண்ணன் வழக்கம்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓட்டல்காரன் வேற்றாள், அவனுக்கு என்ன தெரியும். அறிந்தவன், உறவுக்காரன், மடியில் தூக்கி வளர்த்தவன், அவன் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. யார் வயிற்றில் பிறந்தான் அவன்? சௌந்திரம் எந்த வீட்டுப் பெண்? அப்பன் கூட்டத்துக்குத் தொண்ணூற்றைந்து, அம்மாவைப் பெற்ற கூட்டத்துக்குப் பத்து. கலியாணத்துக்குப் பல கூட்டத்துச் சனமும் வரும். சாப்பிட்டு எழுந்து தாம்பூலப் பையைப் பிரிப்பார்கள். ஒருவனுக்கொருவன் காட்டிச் சிரிப்பார்கள். சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வந்தானே தாய்மாமன், அவன் கூட்டத்தைப் பாரப்பா, கழுதைக்கும் கீழே என்பார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் ரிக் ஏஜெண்டுகள் இனிமேல் வண்டிக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

நாமக்கல்லில் சபரிநாதனின் அச்சகம் கீழே, வீடு மேலே. கீழே இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோழித்தீவன மூட்டைக்கு லேபிள் அடிக்கிற இடம் அது. சின்னண்ணன் அதைத் திரும்பியும் பார்க்காமல் படியேறினார். மேலே தங்கச்சி புருசன் தண்டாயுதபாணி பத்திரிகைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான், வாங்க! பையன் பத்திரிகை வெச்ச ஈரமே காயலை. அதுக்குள்ள சீரோட வந்துட்டீங்களா?"

சின்னண்ணன் உட்காரவில்லை. சீட்டை அவருக்கு முன்னால் வைத்தார்.

"மாப்ள, இதைப் படிங்க."

தண்டாயுதபாணி படித்தார். படித்து முடித்ததும் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பை அடக்கும் வழக்கம் உள்ளவரல்ல.

"பத்தா! அட, உள்ளதைத்தான் போட்டிருக்கறான் மச்சான். உங்க கூட்டத்துல பந்தியில எலை போட்டா ஆளைத் தேடித்தானே புடிக்கோணும்."

"நான் வெளையாட வரலைங்க மாப்ள."

"சீட்டே வெளையாடறதுக்குத்தானுங்களே."

சமையலறை வாசலில் சௌந்திரம் வந்து நின்றாள். கையில் காப்பித் தம்ளர். அண்ணன் முகத்தையும் புருசன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மோகனப்பிரியா அவளருகில் போய்க் காதில் ஏதோ சொன்னாள். சௌந்திரம் தம்ளரை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சபரிநாதன் கையில் மையோடு மேலே வந்தான். மாமனைப் பார்த்ததும் சந்தோசமாகச் சிரித்தவன், மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்து நின்றான்.

"இதை எழுதுனது யாரு?" என்றார் சின்னண்ணன்.

"நானுங்க மாமா."

"உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதானுங்க."

தண்டாயுதபாணி மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இது இன்னும் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"போன மாசியில உங்களுக்குப் போன் பண்ணுனனுங்களே," என்றான் சபரிநாதன். "ஒவ்வொரு கூட்டத்துப் பெரியவங்களையும் கேட்டுத்தான் எழுதறேன், காடைக்கு என்ன மாமா பலம்னு கேட்டேன். நீங்க, 'நமக்கென்ன சாமி பலம் இருக்குது, பத்துக் காசு பெறாது'ன்னு சொன்னீங்க. அப்ப எப்படித்தான் இத்தனை காலம் இருந்து வாரீங்கன்னு கேட்டேன். 'ஏதோ ஓடி ஒளிஞ்சு பொழப்பை ஓட்டறோம்'னீங்க. 'யாராச்சும் சத்தம் போட்டாலே நமக்கு ஆகாது'ன்னும் சொன்னீங்க. நான் ஒரு வார்த்தை கூட்டலைங்க மாமா."

சின்னண்ணனுக்கு ஞாபகம் வந்தது. கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்த களத்தில் நின்று, நல்ல வெயிலில், நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. மறுக்கவில்லை. அவர் மறுக்கிற ஆளே அல்ல.

"சொன்னேன்," என்றார். "ஆமா, சொன்னேன். வேற எப்படிடா சொல்லுவேன்? எங்க கூட்டத்துக்கு நூறு யானைப் பலம்னு என்ற வாயால நானே சொல்லிக்குவனா? வெளியாள் வந்து தோட்டம் எப்படீங்கன்னா, ஏதோ காயுதுங்கன்னு சொல்றோம். வண்டி எப்படி ஓடுதுங்கன்னா, டீசலுக்குக்கூடக் கட்டலைங்கன்னு சொல்றோம். உடனே அவன் தோட்டம் காஞ்சு கெடக்குதுன்னு எழுதிக்குவானா? அட, உங்களுக்கென்னங்க, இந்தச் சுத்துல உங்களை மாதிரி யாருங்க உண்டுன்னு அவன் ஏத்திச் சொல்லோணும். நாங்க கொறைச்சுச் சொல்லோணும், நீங்க ஏத்தோணும். அதுக்குப் பேருதான் மருவாதி. நான் பத்துக் காசு பெறாதுன்னு சொன்னா, நீ எண்பது போடோணும். பத்தேன்னு போட்டுட்டு வந்து நிக்கறயே, உனக்கு நம்ம ஊட்டுச் சோறு போட்டு வளத்தாங்களா, வேற எங்காச்சும் வளத்தாங்களா?"

சபரிநாதன் திகைத்து நின்றான். "அப்ப ஆந்தைக்கு அப்பா மட்டும்..."

"உங்கப்பனை நீ கேட்டது ஊட்டுக்குள்ள. ஊட்டுக்குள்ள கேட்டா எல்லாரும் உள்ளதைச் சொல்லுவான். நான் கேட்டிருந்தா அவர் என்ன சொல்லியிருப்பாரு? சொல்லுங்க மாப்ள. உங்க கூட்டத்துக்கு என்ன பலங்க?"

தண்டாயுதபாணி வாயைத் திறந்தார். பழக்கம் நாக்கில் இருந்தது. "எங்களுக்கென்னங்க இருக்குது, பகல்ல கண்ணு தெரியாத சனம்..." என்று ஆரம்பித்துவிட்டு, மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து நிறுத்தினார். மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சின்னண்ணன் சிரிக்கவில்லை.

"கேட்டயா? அதை எழுதியிருக்கிறயா? எழுதலை. அவர் மகன், அதனால எழுதலை. நான் வெளியாள். என்கிட்ட கேட்டதை மட்டும் அச்சடிச்சு ஆளுக்கொண்ணு குடுக்கறே."

"ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிரலாமுங்க மாமா. பத்து மேல எண்பதுன்னு. ஒரு நாள் வேலை."

"சோப்பு டப்பாவுக்கு வெலை ஏத்தறாப்புல ஒட்டுப் போடறயா? அடியில பத்து இருக்குதுன்னு நகத்தால சுரண்டிப் பாக்கறதுக்கா?"

"அப்ப காடைச் சீட்டையே எடுத்தர்றேனுங்க. பாக்கெட்ல அது வேண்டாம்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவன். சின்னண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"எடுத்துட்டா? ஆடு இருக்குது, ஆந்தை இருக்குது, கழுதை இருக்குது. காடை இல்லை. அப்ப இந்தச் சீமையில நாங்க இருந்ததே இல்லையா? உங்கம்மா எந்த ஊட்டுலருந்து வந்தா, ஆகாசத்துலருந்தா?"

"வெச்சாலும் குத்தம், எடுத்தாலும் குத்தம்," என்றார் தண்டாயுதபாணி. இப்போது அவருக்கும் சூடு ஏறியிருந்தது. "சரி மச்சான், புதுசாவே அடிச்சுப் போடறோம். எத்தனை வேணும், சொல்லிப்போடுங்க. எழுவது? எழுவத்தஞ்சு?"

"நான் எப்படிங்க சொல்றது? எங்க கூட்டத்துக்கு நானே மார்க்குப் போட்டுக்குவனா? நீங்க போடோணும்."

"நான் எழுவது போட்டா நீங்க முறைக்கறீங்க."

"முறைக்காம? மேச்சேரிக் கடாவுக்கே எண்பத்தெட்டுங்க."

"அப்ப தொண்ணூறு?"

சின்னண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே பதில்.

"தொண்ணூறுன்னா ஆந்தைக்குக் கிட்ட வந்துருது," என்றார் தண்டாயுதபாணி. "பொண்ணு குடுத்த ஊடும் பொண்ணு எடுத்த ஊடும் ஒண்ணுக்கு ஒண்ணு சமம்னு ஆயிருமே. என்ற பங்காளிக கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்? எண்பத்திரண்டு. அதுக்கு மேல ஒரு புள்ளி ஏறாது."

"உங்க பங்காளிகளுக்குப் பயந்துக்கிட்டு எனக்குப் போடறீங்களா?"

"எனக்கென்னங்க பயம்?"

"அப்ப போடாதீங்க. ஒண்ணும் போட வேண்டாம். இதே சீட்டு மண்டபத்துக்கு வரட்டும். ஆனா நான் வர மாட்டேன். சீரும் வராது. தாய்மாமன் எங்கேன்னு கேட்டா, ஓடி ஒளிஞ்சுக்கிட்டாருன்னு உங்க மகன் அச்சடிச்சதைக் காட்டுங்க."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். மோகனப்பிரியா கார் சாவியை எடுத்தாள்.

அப்போதுதான் சௌந்திரம் வாசற்படிக்கு வந்து குறுக்கே நின்றாள். வெறுங்கையாக வந்தாள்.

"நில்லுங்கண்ணா."

அவள் சத்தமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு பேரும் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரல் புடிச்சு வெலை பேசறாப்புல பேசிக்கிட்டு இருக்கறீங்க. எழுவதாம், எண்பத்திரண்டாம். கலியாணம் எனக்கொரே மகனுக்கு. மணவறைக்கு முன்னால பொறந்த ஊட்டுச் சனம் ஒருத்தர் இல்லாம நான் தனியா நிக்கோணும், அதானே? அது உங்களுக்கு மருவாதியா அண்ணா? காடைக்குப் பத்து போட்டா போகுது மானம், நான் அனாதையாட்டம் நின்னா போகாதா?"

"நான் அப்படிச் சொல்லலை, சௌந்திரம்..."

"சொல்லலை. செய்யப் போறீங்க." அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அப்படித்தான். நாப்பது வருசமா எங்கூட்டைப் பத்தி ஒரு சிரிப்பு. கேட்டுக்கேட்டு எனக்கே பழகிப் போச்சு. இன்னிக்கு மகனும் சிரிக்கறான். அச்சடிச்சுச் சிரிக்கறான்."

"ஏம்மா, நான் சிரிக்கலையே, மாமா சொன்னதைத்தான்..."

"ஓடும்னு எழுதுனியே, எதுக்கு ஓடுதுன்னு கேட்டியா?"

சபரிநாதன் மை படிந்த கையைச் சட்டையில் துடைத்தான்.

"நான் பாத்திருக்கறேன். சோளக்காட்டு ஓரத்துல குஞ்சு பொரிச்சிருக்கும். மேல வல்லூறு சுத்தும். அந்த நேரம் தாய்க்காடை என்ன பண்ணும் தெரியுமா? குஞ்சுகளை உட்டுப்போட்டு வெட்டவெளிக்கு வரும். ஒரு றெக்கையை முறிஞ்சு போனாப்புல தரையில இழுத்துக்கிட்டு நொண்டி நொண்டி ஓடும். வல்லூறு, ஆகா சுலபமாக் கெடைக்குதுன்னு அது பின்னாலயே வரும். தூரமாக் கூட்டிக்கிட்டுப் போயி, இனி குஞ்சுக்குப் பயமில்லைன்னு ஆனதுக்கப்பறம் சடார்னு பறந்துரும். செல நேரம் பறக்க முடியாமயும் போகும். அது ஓட்டமா? ஒளியறதா? உங்க தீப்புடிச்ச ஆந்தை அதைச் செய்யுமா? மூணு கண்ணு வெச்சு என்ன பண்ணும் அது, மத்தியானத்துல?"

தண்டாயுதபாணி மஞ்சள் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தார். கூட்டத்தைப் பற்றி அவரிடம் அப்படி ஒருத்தரும் பேசியதில்லை.

"அண்ணன் தன் வாயால சொல்லக்கூடாது. சரி. நீங்க சொல்ல மாட்டீங்க. அதுவும் சரி. நான் கழுத்துல தாலி ஏறுன அன்னிக்கே ஆந்தைக் கூட்டத்துக்காரி ஆயிட்டேன். காடைக்கு நான் வெளியாள்தான். வெளியாள் ஏத்திச் சொல்லலாமில்லீங்களா அண்ணா? முறைதானே?"

சின்னண்ணன் யோசித்தார். முறையில் எங்கும் ஓட்டை இல்லை. "முறைதான்," என்றார்.

"டேய் சபரி, எழுதிக்கோ. நான் இப்பச் சொன்னதுதான் தனித்திறன். பலவீனம்னு ஒரு வரி இருக்குதே, அங்க என்ன போடோணுமோ போடு, குஞ்சை உட்டுட்டுத் தான் மட்டும் தப்பிச்சுக்காதுன்னு போடு. பலம், அறுபது."

"அறுபதா!" என்றார் சின்னண்ணன்.

அவரை மீறி வந்துவிட்டது. தண்டாயுதபாணியே எண்பத்திரண்டு கொடுக்கிறேன் என்று நின்ற இடத்தில், சொந்தத் தங்கச்சி அறுபது என்கிறாள்.

"அறுபதுதான்," என்றாள் சௌந்திரம். "தொண்ணூறுன்னு போட்டா, தாய்மாமன் வந்து சண்டை போட்டு வாங்கிக்கிட்டாருன்னு மண்டபமே பேசும். நம்ப மாட்டாங்க. அறுபதுன்னு போட்டா, தனித்திறனைப் படிச்சுப் பாப்பாங்க. படிச்சவங்களுக்குத் தெரியும். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதுன்னா சொல்லுங்க, இப்பவே ஏத்தறேன். பொறந்த ஊட்டுக்கு நான் குடுத்தது கொறைச்சல்னு உங்க வாயால சொல்லுங்க."

சின்னண்ணன் தங்கச்சியைப் பார்த்தார். வீட்டுப்பெண் கொடுத்ததைக் குறைச்சல் என்று சொன்ன ஆண்பிள்ளை அவர் கூட்டத்தில் இதுவரை இல்லை. கொடுத்ததை எடை போட்டுப் பார்ப்பதும், இன்னும் கொஞ்சம் போடு என்று கை நீட்டுவதும் அவருக்குத் தெரியாத வேலை. மாப்பிள்ளையிடம் பேரம் பேசினார், சரி. தங்கச்சியிடம் எப்படிப் பேசுவது? அறுபதை அப்படியே விழுங்கினார்.

"கொண்டை ஒண்ணாச்சும் போடச் சொல்லு," என்றார் கடைசியில், சபரிநாதனைப் பாராமல்.

"காடைக்குக் கொண்டை ஏதுங்கண்ணா?"

"ஆந்தைக்கு மூணு கண்ணு ஏது?"

கொண்டை போடப்பட்டது. பாக்கெட்டுகளை எல்லாம் பிரித்து, பழைய காடையை எடுத்து, புதிய காடையை வைத்து மறுபடி ஒட்டினார்கள். அச்சகத்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். மோகனப்பிரியாவும் போய் உதவினாள். பழைய சீட்டு ஒன்றுகூட மிச்சமில்லாமல் எரித்தார்களா என்று சின்னண்ணன் போன் செய்து கேட்டார். எரித்தோம் என்றார்கள். சாம்பலையும் கிணற்றில் போடுங்கள் என்றார். எந்தக் கிணற்றில் என்று தண்டாயுதபாணி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

கலியாணம் திருச்செங்கோட்டில். காடைக் கூட்டம் மூன்று வேனில் வந்து இறங்கியது. சிவக்குமார் வடக்கேயிருந்து வந்திருந்தான். சீர்த்தட்டுகளை வரிசையாகப் பெண்கள் எடுக்க, வெள்ளை வேட்டி சட்டையும் தலையில் கட்டிய உருமாலுமாகச் சின்னண்ணன் முன்னால் நடந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் காது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பந்தி முடிந்து பலர் தாம்பூலப் பையோடு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பாக்கெட்டைப் பிரித்திருந்தார்கள். கடாவைப் பார், கரடியைப் பார் என்று பேச்சு நடந்தது. யாரோ ஒரு பெண்மணி காடையின் தனித்திறனைப் பக்கத்திலிருந்தவளுக்கு மெதுவாகப் படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும் மற்றவள் சீட்டை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். சின்னண்ணன் அதைப் பார்க்காதவர் போல நடந்தார்.

மணவறைக்கு முன்னால் சபரிநாதன் தலை குனிந்து நின்றான். தாய்மாமன் மாலை போட வேண்டும். சின்னண்ணன் மாலையை எடுத்த நேரத்தில் மணப்பெண்ணின் சித்தப்பா வளவன் கையில் சீட்டோடு முன்னால் வந்தார். நல்ல மனிதர். சம்பந்தி வீட்டாருக்கு மரியாதை செய்யத் தெரிந்தவர்.

"ஏனுங்க பெரியவரே, இது என்னங்க அநியாயம்? உங்க கூட்டத்துக்கு அறுபதுன்னு போட்டிருக்கறாங்க. இந்தச் சீமையில காடைக் கூட்டத்துக்கு ஈடு யாருங்க? மாப்ள, அடுத்த தடவை அடிக்கறப்ப இதைத் தொண்ணூத்தெட்டு ஆக்கிப் போடோணும், ஆமா!"

"ஆக்கிருவோம்," என்றார் தண்டாயுதபாணி பெரிய குரலில். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "மச்சானுக்கில்லாததா? நூறே போட்டுருவோம்."

எல்லாரும் சின்னண்ணனைப் பார்த்தார்கள். சௌந்திரமும் பார்த்தாள். மணவறை ஓரத்தில் பட்டுச்சேலையோடு, பிறந்த வீட்டுச் சனம் சூழ நின்றிருந்தாள்.

சின்னண்ணன் மாலையோடு திரும்பினார். முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"யாரும் ஒண்ணும் ஏத்த வேண்டாமுங்க," என்றார். "அறுபதுங்கறது என்ற தங்கச்சி வெச்சது. அதுல கொறை கண்டுபிடிக்கறதுக்கு நீங்க யாரு? தொண்ணூத்தெட்டாம், நூறாம். எங்க ஊட்டுப் பொண்ணு போட்ட எண்ணை அழிச்சு எழுதறதுக்கு எவனுக்குங்க கை வரும்?"

வளவன் இரண்டடி பின்னால் போனார். "நான் மருவாதிக்குச் சொன்னேனுங்க..."

"மருவாதின்னா அறுபதை அறுபதுன்னு படிங்க. சத்தமாப் படிங்க."

"அண்ணா, நேரம் போகுது," என்றாள் சௌந்திரம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வளவன் வேறு வழியில்லாமல் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் கடைசி வரி வரை படித்து முடிக்கிறாரா என்று அவரை முறைத்தபடியே, சின்னண்ணன் மருமகன் கழுத்தில் மாலையைப் போட்டார்.